பனைமரம் எப்படி ஆடும்?

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (விலங்கியல்) மாணவி

நாட்டியம் என்றதும் நம் நினைவில் எழுவது சென்னையின் மார்கழி மேடையும் பட்டும் பக்கவாத்தியமுந்தான். மல்லாங்கிணறு போன்ற ஒரு கரிசல்காட்டு ஊரில் மூன்று வயதுக் குழந்தைகளுக்கு நாட்டிய வகுப்பு நடக்கிறது என்று நம் ஆய்வகத்தில் ஒரு நாள் சொன்னேன். சுற்றி நின்ற தோழியர் சிரித்துவிட்டார்கள். "மூணு வயசுப் பிள்ளைக்கு மூக்கைச் சிந்தவே தெரியாது, அது பரதம் ஆடுமா?" என்று கேட்டாள் ஒருத்தி. நியாயமான கேள்விதான். பதில் சொல்லுமுன் மணி அடித்துவிட்டது. ஆகவே அந்தப் பதிலை ஆண்டு மலரில் எழுத நேர்ந்தது.

எங்கள் ஊர் காரியாபட்டி வட்டத்தைச் சேர்ந்த பேரூராட்சி. கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியன் பிறந்த ஊர் என்றால் இலக்கியம் படிப்போர் அறிவர். பெய்தால் பருத்தி, மிளகாய். பெய்யாவிட்டால் சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம். ஆடு எப்போதும் உண்டு. இந்த ஊரில், தகரக் கூரை போட்ட ஒரு நீள அறையில், நான் அக்கா என்று அழைக்கும் ஒருவர் பரதம் கற்றுத் தருகிறார். விருதுநகர் மாவட்ட அரசு இசைப் பள்ளியில் மூன்றாண்டுகள் பயின்றவர். நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது அவரிடம் சேர்ந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பின்பு, வாரத்தில் மூன்று மாலை அவருக்கு உதவியாக நிற்கிறேன்.

அரசு இசைப் பள்ளியில் சேர வயது பன்னிரண்டு ஆகியிருக்க வேண்டும். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் ஐந்து வயது முதல் பதினாறு வரை உள்ளோரைச் சேர்த்துக்கொள்ளும். ஆனால் அது மாவட்டத் தலைநகரில் நடப்பது. எங்கள் ஊர்ப் பிள்ளையை வாராவாரம் பேருந்தில் கூட்டிப்போக யாருக்கு நேரம்? ஐந்துக்குக் கீழே உள்ளவர்களுக்கோ அங்கன்வாடியைத் தவிர வேறு இடமே இல்லை. இந்த வெற்றிடத்தில்தான் அக்காவின் பாலர் வகுப்பு பிறந்தது. கலைத் தாகத்தால் பிறந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை அதுவன்று. வாடகை கொடுக்க வேண்டியிருந்தது.

அக்காவிடம் அப்போது ஆறு மாணவிகள். ஆளுக்கு இருநூறு ரூபாய். அறைக்கு வாடகை ஆயிரத்து ஐந்நூறு, மின்கட்டணம் தனி. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வோர் ஆண்டும் சித்திரையில் பத்துப் பேர் சேர்வார்கள். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் ஒருத்தி நிற்பாள், வயதுக்கு வந்ததும் இன்னொருத்தி நிற்பாள், பொதுத்தேர்வு என்று மற்றவர்கள் நிற்பார்கள். சலங்கை கட்டும் நிலைக்கு வருவதற்குள் வகுப்பு காலியாகிவிடும். அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலைக்குப் போய்விடலாமா என்று அக்கா வெளிப்படையாகவே பேச ஆரம்பித்திருந்தார். அந்தச் சமயத்தில், பெரிய பிள்ளைகளின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்திருந்த தம்பி தங்கைகள் ஏழெட்டுப் பேர் எங்கள் கண்ணில் பட்டார்கள்.

முதலில் அவர்களுக்கும் முறைப்படி தட்டடவே தொடங்கப்பட்டது. அரைமண்டியில் நிற்கச் சொன்னால் அவர்கள் அப்படியே தரையில் உட்கார்ந்தார்கள். தட்டுக்கழியை எடுத்தால் அதைப் பிடுங்க வந்தார்கள். ஒருவன் அழுதால் ஏழு பேரும் அழுதார்கள். இதில் வியப்பில்லை. மூன்று வயதுக் குழந்தையின் எலும்பு முனைகளில் குருத்தெலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் காலம் அது. முழங்காலை வெளிப்புறம் மடக்கி நெடுநேரம் நிற்க அந்த உடம்பு ஆயத்தமாகவில்லை. கையும் அப்படியே. மயூர முத்திரைக்கு மோதிர விரலின் நுனி பெருவிரலைத் தொட வேண்டும். அவர்களோ நடுவிரலைக் கொண்டுவருவார்கள், அல்லது இன்னொரு கையால் அந்த விரலைப் பிடித்து இழுத்துவந்து ஒட்டவைப்பார்கள். அபிநய தர்ப்பணம் ஒற்றைக் கை முத்திரைகள் இருபத்தெட்டு என்கிறது. எங்கள் பாலர்களுக்கு ஒழுங்காக வந்தது பதாகம் ஒன்றுதான். அதுவும் கை கழுவிவிட்டு ஈரத்தை உதறும் தோரணையில்.

மாற்றம் வந்தது ஓர் ஆடிக் காற்றில். தகரம் தடதடவென்று அடித்துக்கொள்ள, வகுப்பே நடத்த முடியவில்லை. சன்னல் வழியே கண்மாய்க் கரைப் பனைகள் தெரிந்தன. அக்கா சும்மா கேட்டார்: "பனைமரம் எப்படிய்யா ஆடுது?" ஏழு குழந்தைகளும் எழுந்தார்கள். கால்களைத் தரையில் ஊன்றிக்கொண்டு, இடுப்புக்கு மேலே மட்டும் அசைத்து, கைகளைத் தலைக்குமேல் விரித்துச் சலசலவென்று விரல்களை ஆட்டினார்கள். சொல்லிக்கொடுக்காமலேயே கால் நிலைத்தது. மேலுடம்பு தனியே இயங்கியது. நாட்டியத்தில் இந்த ஒன்றைப் பழக எனக்கு ஓராண்டு பிடித்தது. பெரிய காற்று வந்தால் என்ன ஆகும் என்று கேட்டதற்கு, ஒரு சிறுமி இடம் மாறாமல் முழங்காலை மடக்கித் தாழ்ந்து நிமிர்ந்தாள். ஏறக்குறைய அரைமண்டி!

அன்றிலிருந்து மாதத்துக்கு ஒரு கரு என்று வைத்துக்கொண்டோம். ஆடிக்குப் பனை. பிறகு ஆட்டுக்கிடை. ஐப்பசிக்கு மழை, பங்குனிக்கு முளைப்பாரி. இடையில் ஒரு மாதம் நகரப் பேருந்துகூட வந்தது. விளையாட்டுத்தானே என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொரு கருவுக்குள்ளும் ஒரு பாடத்தை ஒளித்து வைப்பார் அக்கா. மழையை எடுத்துக்கொள்வோம். தட்டடவை மூன்று காலத்தில் ஆட வேண்டும் என்பது முறை. முதல் காலம், இரண்டாம் காலம் என்றால் குழந்தைக்கு என்ன விளங்கும்? தூறல், மழை, அடைமழை என்றார் அக்கா. தூறலுக்குக் கால் மெதுவாக விழுந்தது, மழைக்கு இரட்டித்தது, அடைமழைக்கு மறுபடி இரட்டித்தது. இடையே இடி இடித்தால் எல்லாரும் அப்படியே சிலையாக நிற்க வேண்டும். தாளத்தில் நிற்பதுதான் ஆடுவதைவிடக் கடினம் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். வரப்பில் நடப்பது என்று தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டோம். இருபுறமும் சேறு, கால் வழுக்கினால் மிளகாய்ச் செடி மிதிபடும். மூன்று வயதுப் பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பாதத்தின்முன் மறு பாதத்தை வைத்து நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மிருகசீரிஷ முத்திரை ஆட்டின் தலையாயிற்று, பாம்புக்கு சர்ப்பசீரிஷம். முளைப்பாரி மாதத்தில் விதையாகச் சுருண்டு படுத்து, தண்ணீர் தெளித்ததும் ஒரு விரல், பிறகு ஒரு கை, பிறகு கழுத்து என்று முளைத்து எழுந்து, கடைசியில் வட்டமாகக் கும்மி கொட்டினார்கள். கும்மியை நாங்கள் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கோயில் பொங்கலில் தாயின் இடுப்பிலிருந்தே பார்த்தவர்கள் அவர்கள்.

மேலை நாடுகளில் இது புதிதல்ல. ருடால்ஃப் லாபான் என்பவர் 1948-இல் கல்விக்கான நடனம் பற்றி ஒரு நூலே எழுதினார். இங்கிலாந்தின் பள்ளிகளில் அது பெரிதும் பரவியது. அதற்கும் முன்னால், 1930-களிலேயே பி.பி.சி. வானொலி பள்ளிப் பிள்ளைகளுக்கு இசையோடு அசையும் நிகழ்ச்சியை ஒலிபரப்பி வந்தது. இன்று அங்கெல்லாம் பாலே கற்பிக்கும் தனியார் பள்ளிகள் பல, சிறு குழந்தைகள் வகுப்பை இளவரசி, கடற்கொள்ளையன், வனதேவதை என்று கரு வைத்தே நடத்துகின்றன. மூன்று வயதில் வந்த குழந்தை பத்து வயது வரை தங்கும், பள்ளி வளரும். இதில் வணிகமும் இருக்கிறது, குழந்தை மனத்தைப் பற்றிய அறிவும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்திருப்பதில் குற்றமொன்றும் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் எந்தக் கரு என்பதில் எனக்கும் அக்காவுக்கும் வாதம் நடந்தது. பக்கத்து நகரத்தில் ஒரு வகுப்பில் பனிநாட்டு இளவரசி வேடம் போட்டு, சினிமாப் பாட்டுக்கு ஆடவைத்துப் படம் எடுத்து அனுப்பினார்கள். எங்கள் ஊரிலிருந்தும் இரண்டு குழந்தைகள் அங்கே போனார்கள். நாமும் அப்படி ஒன்று செய்தால் என்ன என்றார் அக்கா. நான் கூடாது என்றேன். பனியைப் பெட்டிக்கடை ஐஸ் பெட்டியில் மட்டும் பார்த்த குழந்தை பனியில் எப்படி நடக்கும்? படத்தில் பார்த்த நடையைத்தான் நடக்கும்.

இந்த வாதத்துக்கு ஒரு பெரிய ஆதாரம் எனக்கு நம் நூலகத்தில் கிடைத்தது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாற்றுக்கு வந்தார். போர் மூண்டிருந்ததால் 1946 வரை இந்நாட்டிலேயே தங்க நேர்ந்தது, கொடைக்கானலிலும் வாழ்ந்தார். அப்போது சபைத் தலைவராக இருந்தவர் ஜார்ஜ் அருண்டேல். அவருடைய துணைவியார் ருக்மிணி தேவி அதே அடையாற்றில் 1936-இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கியிருந்தார். குழந்தைக் கல்வியின் பேராசானும் நாட்டியத்தின் பேராசானும் ஒரே தோப்பின் நிழலில் இருந்தார்கள் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். அந்த மாண்டிசோரி அம்மையார், ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மாயக் கதைகள் வேண்டாம் என்ற கொள்கை உடையவர். கற்பனை என்பது குழந்தை கண்டதன்மேலும் தொட்டதன்மேலும் எழும்ப வேண்டும் என்பார். கோட்டின்மேல் நடக்கும் பயிற்சி அவருடைய முறையிலும் உண்டு. எங்கள் வரப்பு அதற்கு உறவு!

அக்காவிடம் இதைப் பெருமையோடு சொன்னேன். அவர் விடவில்லை. "அப்பறம் ஏன் ஒம் பேரப்பிள்ளைக்குக் கதை சொல்லுதன்னு ஒன் அப்பத்தாட்டப் போயிக் கேளு" என்றார். அவர் பக்கமும் ஆள் உண்டு. குஜராத்தில் பாவ்நகரில் 1920-இல் பாலமந்திர் தொடங்கிய கிஜுபாய் பதேகா, மாண்டிசோரியைப் போற்றியவர்தான். ஆனால் கதையையும் பாட்டையும் நாடகத்தையும் குழந்தையிடமிருந்து பிரிக்க அவர் சம்மதிக்கவில்லை. போதாக்குறைக்கு, எங்கள் வகுப்பில் கடலையே பார்த்திராத ஒரு சிறுமி, ஒரு பழைய வேட்டியை இரண்டு பக்கமும் பிடிக்கச்சொல்லி, அதன் அடியில் படுத்துக்கொண்டு, "இதான் கடலு, நான் அடியில கெடக்கேன்" என்று கையை மீனாக நெளித்தாள். நான் வாயடைத்துப் போனேன். குழந்தை தானே கொண்டுவரும் கடல் வரலாம், நாம் திணிக்கும் பனி வேண்டாம் என்று ஒரு சமாதானத்துக்கு வந்தோம். இன்றுவரை அந்தச் சமாதானம் அரைகுறையாகவே நிற்கிறது.

வகுப்பு வளர்ந்த கதைக்கு வருகிறேன். தொடக்கத்தில் கருக்களால் வகுப்பு வளரவில்லை, தேய்ந்தது! "பரதம் சொல்லிக் குடுக்கச் சொன்னா ஆட்டுக்குட்டி வெளையாட்டுக் காட்டுறீக" என்று ஒரு தாய் பிள்ளையை நிறுத்திக்கொண்டார். இருநூறு ரூபாய் என்பது எங்கள் ஊரில் ஒரு நாள் களையெடுப்பில் பெரும்பகுதி. அதைக் கொடுத்தவர் மேடையையும் சலங்கையையும் எதிர்பார்ப்பது இயல்பே. வேறு விதமான எதிர்ப்பும் இருந்தது. எங்கள் அப்பத்தா, "சதுராட்டம் ஆடுறது நம்ம வீட்டுப் பழக்கமாத்தா?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படிக்கிற பெண் தட்டுக்கழி பிடித்து நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை. அப்பத்தாவின் சொல்லுக்குள் ஒரு வரலாறு கிடக்கிறது. கோயிலையும் அரண்மனையையும் சார்ந்த பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்த கலை அது. அவர்களை இழித்துப் பேசிய சமூகமே அந்தக் கலைக்குப் பெயரை மாற்றி மேடையேற்றியது. 1935-இல் ருக்மிணி தேவி அடையாற்றில் ஆடியபோது உயர்குடிப் பெண் ஆடலாமா என்று சர்ச்சை எழுந்தது. 1947-இல் தேவதாசி முறையைத் தடைசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. முன்பு ஆடியவர் பலர் ஒதுங்கிப்போக, ஆடாதவர் வீட்டுப் பெண்கள் ஆட வந்தார்கள். இரண்டு கூட்டத்திலும் சேராத, கரிமூட்டம் போடுகிறவர் வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கலையில் என்ன இடம் என்று யாரும் கேட்டதில்லை. தகரக் கொட்டகையில் நிற்கும்போது நான் கேட்டுக்கொள்வேன்.

திருப்பம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெற்றோர் வந்து பார்க்கட்டும் என்று அக்கா வகுப்பைத் திறந்து வைத்தார். மேடையும் இல்லை, ஒப்பனையும் இல்லை, ஆட்டுக்கிடைக் கரு. குழந்தைகள் குட்டிகளாகத் துள்ளினார்கள். பின்வரிசையில், உண்மையிலேயே கிடை போடும் ஒருவர், தலையில் துண்டோடு சுவரோரம் நின்றிருந்தார். தம் மகள் துள்ளியதைப் பார்த்தவர் பொறுக்கமாட்டாமல், "குட்டி அப்படித் துள்ளாதும்மா" என்றார். "பெறகு எப்பிடி? நீங்கதேன் காட்டுங்கண்ணே" என்றார் அக்கா. அவர் கூச்சத்தோடு நடுவில் வந்தார். நான்கு காலையும் ஒன்றாகத் தூக்கிப் பக்கவாட்டில் குதித்து, தலையை ஒரு வெட்டு வெட்டிக் காட்டினார். குட்டி தாயைத் தேடும்போது கழுத்து எப்படி நீளும், பசித்த குட்டி எப்படி முட்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். விலங்கியல் வகுப்பில் இரண்டாண்டாக நான் கேட்டிராத விவரங்கள் அவை. குழந்தைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். கூட்டத்தில் சிரிப்பு, ஆனால் அது கேலிச் சிரிப்பன்று. அதுவரை அந்த அறை அக்காவுக்குத் தெரிந்ததைப் பிள்ளைக்குக் கொடுக்கும் இடமாக இருந்தது. அன்று அவருக்குத் தெரிந்ததும் அங்கே செல்லுபடியானது.

அடுத்த மாதம் ஒன்பது குழந்தைகள் புதிதாகச் சேர்ந்தார்கள். ரேஷன் கடை வரிசையிலும் நூறு நாள் வேலை நடந்த இடத்திலும் செய்தி தானே பரவியது. நாங்கள் ஒரு துண்டறிக்கைகூட அச்சடிக்கவில்லை. குழந்தைகளே விளம்பரம். வீட்டுக்குப் போய்ப் பாட்டி முன்னால் முளைப்பாரியாக முளைத்துக் காட்டுவார்கள். பாட்டி பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுவாள். எங்கள் அப்பத்தாவும் ஒரு நாள் வந்து வாசலில் உட்கார்ந்தார். கும்மியில் குழந்தைகள் கைகொட்டும் இடம் தவறுகிறது என்று குற்றம் கண்டுபிடித்தார். அதற்கப்புறம் சதுராட்டம் என்ற சொல் வீட்டில் எழவில்லை.

அங்கன்வாடி ஆசிரியை ஒருவர் வந்து, "எங்க பிள்ளைகளுக்கும் வந்து சொல்லித் தாங்களேன்" என்று கேட்டபோது அக்கா தயங்கினார். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கியது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் கிராமத்துப் பாலர்களுக்கும் மதிய உணவு கொடுத்தது. அங்கன்வாடி என்றால் நம்மில் பலருக்குச் சோறும் முட்டையும் மட்டுமே நினைவில் நிற்கிறது. முன்பருவக் கல்வியும் அதன் கடமைகளில் ஒன்று. தமிழகத்தில் அதன் பாடத்திட்டத்துக்கு 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்றே பெயர். அதுவும் கருவை வைத்துத்தான் நடக்கிறது. நாங்கள் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தது அரசாங்கப் புத்தகத்தில் முன்பே இருந்தது என்று தெரிந்ததும் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் தயக்கம் வேறு. அங்கே இலவசமாக ஆடினால், இங்கே காசு கொடுத்து யார் வருவார்? வியாபாரக் கணக்கில் அது சரியான அச்சமே. இரண்டு நாள் யோசித்து, வெள்ளிதோறும் அரை மணி நேரம் போவதென்று முடிவு செய்தார். போனதால் வகுப்பு குறையவில்லை. அங்கே ஆடிய பிள்ளைகளில் சிலர் மாலையில் இங்கேயும் வந்தார்கள். இப்போது மொத்தம் முப்பத்தொரு பேர். அவர்களில் பத்தொன்பது பேர் ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள். நூற்பாலைப் பேச்சு நின்றுவிட்டது. மாதம் ஆயிரம் ரூபாய் எனக்குத் தருகிறார். பேருந்துக்கும் பதிவேட்டுக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் ஆகிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதமாட்டேன். கடலுக்கு வேட்டி கேட்டாளே, அந்தச் சிறுமி இரண்டு மாதமாக வரவில்லை. மூன்று மாதக் கட்டணம் பாக்கி. அக்கா கேட்கவில்லை, ஆனாலும் பாக்கி வைத்துவிட்டு வாசலில் வந்து நிற்க அந்தத் தாய்க்குக் கூச்சம். காசு வேண்டாம், பிள்ளையை அனுப்புங்கள் என்று சொல்லியனுப்பினால், அது இன்னும் பெரிய கூச்சமாகிவிட்டது. கட்டணம் வைத்தால் சிலரும், வைக்காவிட்டால் அக்காவும் நிற்க முடியாது. வெள்ளிக்கிழமை அங்கன்வாடியில் அவளைப் பார்க்கிறேன். அரை மணி நேரம் ஆடிவிட்டு, மாலையில் கடலு உண்டா என்று கேட்கிறாள். தாயைக் கூப்பிட்டு அறையைக் கூட்டிப் பெருக்கித் தரச் சொல்லலாமா என்று அக்கா கேட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளை ஆடும் அறையில் தாய் துடைப்பம் பிடிப்பதா? முளைப்பாரி போடுவதில் கைதேர்ந்தவர் அவர். பங்குனிக்கு நாற்று வளர்க்க அவரையே ஆசிரியையாக அழைத்து, அதற்கான ஊதியத்தில் பாக்கியைக் கழித்துக்கொள்ளலாம் என்றேன். அக்கா இன்னும் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இதற்கிடையே அடுத்த மாதக் கருவை ஒரு நாலு வயதுப் பையன் முடிவு செய்துவிட்டான். கண்மாய் தூர்வாரும் ஜே.சி.பி. எந்திரம் வேண்டுமாம். எந்திரத்தை எப்படி ஆடுவது என்று அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். நான் இரண்டு நாளாகக் கல்லூரிக்கு வரும் வழியில் பேருந்து சன்னலிலிருந்து அதையே பார்த்துவருகிறேன். இடுப்பிலிருந்து சுழல வேண்டும், முழங்கை மடங்கி நீள வேண்டும், வாளியின் பல்லுக்கு விரல்களை வளைத்த ஊர்ணநாபம் பொருந்தும். பின்னால் போகும்போது எழும் பீப் ஒலியை எந்தத் தாளத்தில் வைப்பது என்பதுதான் இன்னும் தீரவில்லை. அது ஆதி தாளத்துக்குள் வரும் என்கிறார் அக்கா.